தீட்டு இல்லாதவர்

"பத்து நாள் தீட்டு யார் யாருக்குன்னு முதல்ல முடிவு பண்ணிடுவோம். அப்புறம் நடுவுல ஒருத்தரை ஒருத்தர் கேட்டுண்டு நிக்கப்படாது" என்றார் வாத்தியார்.

கூடத்தில் வரதராஜனின் உடல் தெற்கே தலை வைத்துக் கிடந்தது. விடிகிற நேரத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர், டாக்டர் வருவதற்குள் போய்விட்டார். அறுபத்திரண்டு வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆகாதவர் என்று ஊர் சொல்லும். சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கிய அண்ணா திருவேங்கடம், பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு இந்த வீட்டு வாசற்படியை மிதித்து, தம்பியின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி கமலவல்லி சுவரோரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

திருவேங்கடம் விரல் விட்டுச் சொன்னார். "நான், என் ஆத்துக்காரி. பெங்களூர்ல பெரியப்பா பேரன் ஒருத்தன் இருக்கான். ஆனா அவனோட பேச்சுவார்த்தை கிடையாது. எங்க மேலேயே கேஸ் போட்டவன்."

"கேஸ் போட்டா என்ன, பங்காளி பங்காளிதான். அவனுக்கும் பத்து நாள். போன்ல சொல்லிடுங்கோ. உங்க பொண்ணு?"

"ஹாலந்துல இருக்கா. கல்யாணம் ஆனவ."

"அப்ப அவளுக்கு ஸ்நானத்தோட சரி." வாத்தியாரின் பார்வை கூடத்தைச் சுற்றி வந்து, சமையலறை வாசலில் நின்றவர்மேல் தங்கியது. "இவர்?"

அங்கே முகுந்தன் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு துண்டு. காலையில் வரதனின் வாயோரத்தைத் துடைத்த துண்டு. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்போதிலிருந்து கையிலேயே வைத்திருந்தார்.

"இவர் மாடியில குடியிருக்கிறவர்" என்றார் திருவேங்கடம். கொஞ்சம் நிறுத்தி, "சிநேகிதர்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"கோத்ரம் வேறதானே?"

"வேற" என்றார் முகுந்தன்.

"அப்ப உமக்கு ஒண்ணும் கிடையாது ஸ்வாமி. மயானத்துக்குக் கூட வந்தேள்னா, திரும்பி வந்து தலைக்குக் குளிச்சாத் தீர்ந்துது."

முப்பத்தோரு வருஷம், தலைக்குக் குளித்தால் தீர்ந்தது. வாத்தியாரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நல்ல மனிதர்தான், யாரையும் கடிந்து பேசாதவர். கேஸ் போட்ட பங்காளிக்கு அவர் படித்த சாஸ்திரத்தில் இடம் இருந்தது. முகுந்தனுக்கு ஒரு மூலைகூட இல்லை. அவ்வளவுதான்.

முகுந்தன் முசிறிக்காரர். இருபத்தாறு வயதில் திருச்சி டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர் வேலை கிடைத்து, ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் இந்த வீட்டு மாடியறைக்கு வாடகைக்கு வந்தார். முதல் வருஷம் வாடகை கொடுத்தார். இரண்டாம் வருஷம், "மாடியில தனியா அடுப்பு மூட்டுவானேன், அந்தப் பிள்ளை கீழேயே சாப்பிடட்டும்" என்றாள் வரதனின் அம்மா வேதவல்லி. அதற்குப் பிறகு வாடகை என்ற பேச்சே எழவில்லை. மாடியறையில் அவருடைய புத்தகங்கள் இருந்தன. அவர் இல்லை.

அந்தத் தெருவுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. எதிர்வீட்டு மருமகளுக்கு ஏன் இன்னும் குழந்தை இல்லை, மூன்றாம் வீட்டுப் பையனுக்கு அமெரிக்காவில் வேலை போய்விட்டதாமே, எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே கேட்கும் தெரு அது. இந்த இரண்டு பேரைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான். இரண்டு பேரும் மாலையில் சேர்ந்து நடந்தால், "சிநேகிதம்னா இப்படின்னா இருக்கணும்" என்று பாராட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அதற்குப் பெயர் பெருந்தன்மை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வேதவல்லி மட்டும் வேறு மாதிரி. தரகர் வரதனுக்கு வரன் கொண்டுவந்தபோது, நல்ல ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "அவனுக்கு ஜாதகம் சரியில்லை, விட்டுடுங்கோ" என்று சொல்லி அனுப்பியவள் அவள். அதற்குமேல் மகனிடம் ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நெய் விட்டாள்.

திருவேங்கடத்துக்குத் தெரிந்தது இருபது வருஷத்துக்கு முன்னால். முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு மத்தியானம் வந்து நின்றார். கூடத்து ஊஞ்சலில் வரதன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவன் மடியில் தலை வைத்து முகுந்தன் தூங்கிக்கொண்டிருந்தார். வேறு ஒன்றும் இல்லை. படித்துக்கொண்டே வரதன் இன்னொரு கையால் அவர் தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தான். அந்தக் கைதான் அண்ணாவுக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து அவர் இந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. அம்மா செத்தபோது வந்து காரியம் செய்தார், மடத்தில் தங்கிக்கொண்டார், போய்விட்டார்.

அம்மா செத்தபோது நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அந்த வீட்டுப் பெருமாள் பெட்டியில் நான்கு தலைமுறையாக வந்த சாளக்கிராமம் இருக்கிறது. ஒருநாள்கூடத் திருவாராதனம் நின்றதில்லை, பெருமாள் வாசற்படி தாண்டியதில்லை என்பது அந்தக் குடும்பத்தின் பெருமை. மற்ற வீடுகளில் சாவு விழுந்தால், தீட்டு இல்லாத வேறொரு வீட்டில் பெருமாளைக் கொண்டுபோய் வைப்பார்கள். இந்த வீட்டில் அப்படிச் செய்ததில்லை. வேறு கோத்திரத்து உறவு யாராவது வந்து தங்கிப் பூஜை செய்துவிட்டுப் போவார்கள். வேதவல்லி போனபோது மகன்கள் இரண்டு பேருக்கும் தீட்டு. அவளுக்குக் கடைசி ஆறு மாசம் கஞ்சி புகட்டி, படுக்கை மாற்றிய முகுந்தனுக்குத் தீட்டு இல்லை. "நீயே பண்ணிடேன் முகுந்தா" என்றான் வரதன். காரியம் முடியும்வரை முகுந்தன் பெருமாளுக்குத் துளசி சார்த்தி, மணி அடித்து, அமுது காட்டினார். உள்ளுக்குள் ரொம்பப் பெருமையாக இருந்தது. அந்த வீடு தன்னை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்தார். பாவம், அது ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் இல்லை, ஏற்றுக்கொள்ளாததற்கு அடையாளம் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

"வாய்க்கரிசி போடறவா எல்லாரும் வரலாம்" என்று வாத்தியார் குரல் கொடுத்தார்.

திருவேங்கடம் போட்டார். கமலவல்லி போட்டாள். தெருக்காரர்கள், ரயில்வே ஆபீஸ் சிநேகிதர்கள் போட்டார்கள். முகுந்தன் எல்லாருக்கும் பின்னால் நின்றார். அவர் முறை வந்தபோது திருவேங்கடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாழியாச்சு, தூக்கலாமா? இருட்டறதுக்குள்ள கொள்ளிடம் போயாகணும்."

முகுந்தன் கையில் எடுத்த அரிசி கையிலேயே இருந்தது. கொள்ளிடக் கரைவரை நடந்து, நெருப்பு வைத்ததைத் தூரத்தில் நின்று பார்த்து, திரும்பி வந்தபோதும் அது கையிலேயே இருந்தது. வியர்வையில் நனைந்து உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும் வழியில் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியைக்குப் போன் செய்து லீவு கேட்டார்.

"ஐயோ, எப்ப சார்? யாரு, சொந்தக்காரரா?"

"சிநேகிதர் மேடம்."

"அடடா. சரி சார், ரெண்டு நாள் சி.எல். போட்டுக்குங்க. அதுக்கு மேல வேணாம் சார், காலாண்டுப் பரீட்சை வருது பாருங்க."

அவள் கெட்டவள் இல்லை. போன வருஷம் ஓர் ஆசிரியரின் மாமியார் இறந்தபோது பத்து நாள் லீவு கொடுத்தவள்தான்.

அன்று சாயங்காலம் எல்லாரும் குளித்து, எதிர்வீட்டிலிருந்து வந்த ரசம் சாதத்தைச் சாப்பிட்டான பிறகு, கமலவல்லியின் போனில் வீடியோவில் ஸ்ரீவித்யா வந்தாள். ஹாலந்தில் இருக்கும் மகள். சின்ன வயசில் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் இந்த வீட்டுக்கு வந்து, சித்தப்பா தோளிலும் முகுந்தன் தோளிலும் மாறி மாறி ஏறிக் காவேரிக்குப் போனவள். அழுது அவள் கண் வீங்கியிருந்தது.

"அம்மா, முகுந்தன் மாமா எங்க? அவர்கிட்டக் குடு."

கமலவல்லி கணவரைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். அவள் போனை நீட்டினாள்.

"மாமா, சாப்பிட்டேளா? நீங்க எப்படி இருக்கேள் மாமா?"

விடிந்ததிலிருந்து அந்த வீட்டுக்கு நூறு பேர் வந்து போனார்கள். எப்படிப் போனார், எத்தனை மணிக்கு, சுகர் இருந்ததா என்று எல்லாம் கேட்டார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டது அவள் ஒருத்திதான். முகுந்தன் போனைத் திரும்பக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அப்பா" என்று ஸ்ரீவித்யா கூப்பிடுவது உள்ளே அவருக்குக் கேட்டது. "மாமாவைத் தனியா விட்டுடாதீங்கோப்பா. உங்களுக்குத் தெரியாதா? இங்க எங்க கீழ்வீட்டுப் பீட்டரும் யூஸ்டும் இல்லையா, அந்த மாதிரிதானேப்பா இவாளும்."

பீட்டரையும் யூஸ்டையும் திருவேங்கடத்துக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் மகளுடன் ஆறு மாசம் தங்கியிருந்தபோது, கீழ்வீட்டில் இருந்த அந்தத் தம்பதி இவருக்காக வெங்காயம் இல்லாமல் சமைத்துப் போட்டார்கள். இரண்டு ஆண்கள், சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டவர்கள். உலகத்திலேயே அதற்கு முதலில் சட்டம் போட்ட தேசம் அது. தீபாவளிக்கு இரண்டு பேரும் வேட்டி கட்டிக்கொண்டு வந்து இவரோடு நின்று எடுத்த படத்தைத் திருவேங்கடம் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினார். "தங்கமான மனுஷா, என்ன ஒரு அந்நியோன்யம்" என்று கீழே எழுதியும் இருந்தார்.

இப்போது அவர் சொன்னார். "அது அவா தேசம், அவா சட்டம். இங்க நம்மாத்துல பெருமாள் இருக்கார்."

இந்தத் தேசத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்று முகுந்தனுக்கு மனப்பாடமாகத் தெரியும். இரண்டாயிரத்துப் பதினெட்டில், நீங்கள் குற்றவாளிகள் இல்லை என்று சொன்னது. அன்றைக்கு வரதன் கோயில் வாசலில் இருந்து இரண்டு முழம் மல்லிகை வாங்கிவந்து பெருமாளுக்குச் சார்த்தினான். இரண்டாயிரத்து இருபத்து மூன்று அக்டோபரில், கல்யாண வழக்கில் தீர்ப்பு வரும் நாளில், இரண்டு பேரும் காலையிலேயே குளித்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள். முகுந்தன் பள்ளிக்கூடத்துக்கு ஜுரம் என்று பொய் சொல்லியிருந்தார். அதெல்லாம் எங்கள் கையில் இல்லை, பார்லிமென்ட்தான் சட்டம் போட வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. வரதன் டி.வி.யை அணைத்தான். "சில தேசத்துல மோதிரம் போடறா, சில தேசத்துல கழுத்துல கயிறு போடறா. நம்மூர்ல ஒண்ணுமே போடலை. போறது, வா, பசிக்கறது" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சாப்பிடும்போது மோரை இலைக்கு வெளியே ஊற்றினான்.

போன் பேச்சு முடிந்ததும் திருவேங்கடம் அவரைக் கூப்பிட்டார். குரலில் ஒரு மரியாதை வந்திருந்தது.

"முகுந்தன், ஒரு உபகாரம் பண்ணணும். எங்க எல்லாருக்கும் தீட்டு. பெருமாளை ஒருநாளும் பட்டினி போட்டதில்லை, உங்களுக்கே தெரியும். அம்மா போனப்போ நீங்கதானே பண்ணினேள். நாளைக் காலம்பறலேர்ந்து பதிமூணாம் நாள் சுபம் வரைக்கும் நீங்களே பண்ணிடணும்."

"நானா?"

"வேற யாரைக் கேக்கறது? இந்தாத்துல தீட்டு இல்லாதவர் நீங்க ஒருத்தர்தானே." அப்புறம், பெரிய கௌரவத்தை வழங்குகிறவர் போல, "உங்க மேல மதிப்பு இல்லாட்டாக் கேப்பேனா?" என்றார்.

அவர் மனசார அப்படித்தான் நினைத்தார். அதுதான் கொடுமை.

முகுந்தன் கேட்டார். "அண்ணா, பத்தாம் நாள் காவேரியில எல்லாரும் எள்ளும் தண்ணியும் விடுவேளே. நானும் ஒரு கை விடலாமா? மந்திரம்கூட வேண்டாம். ஓரமா நின்னுக்கறேன்."

திருவேங்கடத்தின் முகம் மாறியது. "அது பங்காளிகள் விடறது. நீங்க எந்த முறையில விடுவேள்? வாத்தியார் கேட்டா நான் என்ன சொல்லுவேன்? நாலு பேர் பாக்கற இடம் அது."

முகுந்தன் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் முகுந்தன் எழுந்து, குளித்து, வழக்கம்போல் சமையலறைக்குப் போய்க் காபி கலந்தார். மேடையில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்தார். இரண்டிலும் ஊற்றினார். வரதனுக்குச் சர்க்கரை கூடாது என்பதால் ஒன்றில் மட்டும் போட்டு ஆற்றினார். பிறகுதான் கை நின்றது.

கமலவல்லி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷமாகத் திருவேங்கடத்துக்கு அவளும் காலையில் அப்படித்தான் ஆற்றிக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு அவருக்கு ஒன்று ஆனால் தனக்கு என்னென்ன உண்டு என்று அவளுக்குத் தெரியும். அழ ஓர் இடம் உண்டு, தாங்கிப் பிடிக்க நாலு பேர் உண்டு, தீட்டு உண்டு. மருமகளாக வந்த நாளிலிருந்து அவளைப் படுத்திய அந்தத் தீட்டு ஒருவருக்குக் கிடைக்காத சொத்தாக இருக்க முடியும் என்று அவள் அன்றைக்குத்தான் கண்டாள்.

பெருமாள் இருந்த அறைக்கு வெளியே, கதவிலிருந்து தள்ளி, திருவேங்கடம் கைகட்டி நின்றார். துக்கம் விசாரிக்க வந்திருந்த ரயில்வே ஆபீஸ் சிநேகிதர்கள் சிலரும் நின்றார்கள். முகுந்தன் ஈர வேட்டியோடு உள்ளே போனார். அவர்கள் மணிச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

மணி அடிக்கவில்லை.

முகுந்தன் உள்ளே பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். விளக்கில் நேற்றைக்கு முன்தினம் வரதன் ஊற்றிய எண்ணெய் மிச்சம் இருந்தது. அவன் திரித்து வைத்த திரி இருந்தது. இவர் தீப்பெட்டியை எடுத்தார். கை மேலே எழவில்லை. இந்த விளக்கை இப்போது ஏற்றினால், செத்தவன் எனக்கு யாரும் இல்லை என்று பெருமாளிடமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தமாதிரி என்று தோன்றியது. தெருவிடம் சொன்னார், பள்ளிக்கூடத்தில் சொன்னார், வாத்தியாரிடம் சொன்னார். இங்கேயும் சொல்ல வேண்டுமா?

தீப்பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். அவர் நெற்றியில் திருமண் இல்லை என்பதை அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள்.

"என்னாச்சு?" என்றார் திருவேங்கடம்.

"என்னால பண்ண முடியாது அண்ணா. எனக்குத் தீட்டு."

"என்னது?"

"எனக்குத் தீட்டு. பத்து நாள்."

"எந்த சாஸ்திரத்துல?"

"சாஸ்திரத்துல இல்லை. தெரியும். ஆனா இருக்கு."

திருவேங்கடம் சுற்றி நின்றவர்களை ஒரு தரம் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "முகுந்தன், போனவன் மானத்தை வாங்காதீங்கோ" என்றார்.

"அவன் மானத்தைத்தான் முப்பத்தோரு வருஷம் நான் காப்பாத்தினேன். சிநேகிதர், குடித்தனக்காரர், கூட இருக்கறவர்னு எல்லாரும் சொன்னேள், நானும் சொன்னேன். இன்னிக்கு ஒருநாள் பொய் சொல்ல வரலை. அழணும் அண்ணா. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

சத்தம் போட்டுப் பேசவில்லை. வகுப்பில் பையன்களிடம் பேசுகிற குரல்தான். சொல்லிவிட்டு, கூடத்தில் வரதனின் உடல் கிடந்த இடத்துக்குப் போய், வெறும் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"சுபம் ஆன மறுநாள் மாடியைக் காலி பண்ணிடுங்கோ" என்றார் திருவேங்கடம்.

முகுந்தன் தலையை ஆட்டினார். அது வரும் என்று அவருக்குத் தெரியும். மாடியறையில் அவருடைய புத்தகங்களைத் தவிர என்ன இருந்தது? அவர் இருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்ல யாராலும் முடியாது. அது நேற்றே காலியாகிவிட்டது.

வேறு வழியில்லாமல் எதிர்வீட்டு அழகியமணவாளனைக் கூப்பிட்டார்கள். அவர் மடியாக வந்து, பெருமாள் பெட்டியைப் பட்டுத் துணியில் சுற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். நான்கு தலைமுறையில் முதல் தடவையாகப் பெருமாள் வாசற்படி தாண்டினார். திருவேங்கடம் முகத்தை மூடிக்கொண்டார். தம்பி செத்ததற்குக்கூட அவர் அப்படிக் கலங்கவில்லை.

வாசலில் அழகியமணவாளன் திரும்பி நின்று, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டார். "முகுந்தன்தான் இருக்காரே, அவருக்குத் தீட்டு கிடையாதே?"

தெருவில் இரண்டு மூன்று வீட்டு வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"அவருக்கும் தீட்டுதான்" என்றாள் கமலவல்லி.

திருவேங்கடம் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. உள்ளே போய், தண்ணீர்ச் சொம்பை எடுத்துவந்து முகுந்தன் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

பத்து நாளும் முகுந்தன் தீட்டுக் காத்தார். முகம் மழிக்கவில்லை, நெற்றிக்கு இடவில்லை, ஒருவேளை சாப்பிட்டார், கோயில் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனார், லீவு அவ்வளவுதானே. பையன்கள் அவருடைய நரைத்த தாடியைப் பார்த்து அன்று சத்தம் போடவில்லை. மாலையில் பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் இறங்கி, வெறும் நெற்றியோடு சித்திரை வீதியில் நடந்து வருவார். கேட்கக்கூடாது என்று முப்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த தெரு, இப்போது பார்க்காமலாவது இருக்கலாமா என்று கண்ணைத் திருப்பிக்கொண்டது. முடியவில்லை. தாடி ஒவ்வொரு நாளும் வளர்ந்துகொண்டிருந்தது.

பத்தாம் நாள் காலை அம்மா மண்டபம் படித்துறையில் கூட்டம். ஆவணி மாசம், காவேரியில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேல்படியில் வாத்தியார் தர்ப்பைகளைப் பிரித்து வைத்தார். திருவேங்கடம் இருந்தார். கேஸ் போட்ட பங்காளியும் பெங்களூரிலிருந்து வந்து, ஒரு கையில் எள்ளுப் பொட்டலமும் மறு கையில் செல்போனுமாக நின்றான். வரதனை அவன் கடைசியாகப் பார்த்தது கோர்ட் வராந்தாவில்.

முகுந்தன் தள்ளி, மழிக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தார். அங்கே கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த மருதைக்கு இவரைத் தெரியாது. தாடியைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், இது பத்தாம் நாள் முகம் என்று புரிந்துகொண்டார்.

"யாருக்கு சாமி? அம்மாவுக்கா, அப்பாவுக்கா?"

சிநேகிதருக்கு என்று சொல்ல முகுந்தனின் வாய் பழகியிருந்தது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. மேல்படியில் திருவேங்கடம் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. வாத்தியாரும் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"எங்காத்துக்காரருக்கு" என்றார் முகுந்தன்.

மருதையின் கை ஒரு கணம் நின்றது. அவர் முகுந்தனின் முகத்தைப் பார்த்தார். அந்தப் படித்துறையில் எத்தனையோ வருஷமாக அழுகிற முகங்களையும், அழுகிற மாதிரி இருக்கிற முகங்களையும் பார்த்தவர். சொம்பிலிருந்து தண்ணீர் எடுத்து அவர் தலையில் தடவினார்.

"குனிஞ்சுக்குங்க சாமி" என்றார்.

முகுந்தன் குனிந்தார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. பத்து நாளாக வராதது, தோள் குலுங்க வந்தது. மருதை கத்தியை எடுத்துவிட்டு, அது அடங்கும்வரை அவர் தலையில் கையை வைத்திருந்தார்.

மொட்டைத் தலையோடு முகுந்தன் படிகளில் இறங்கி, கீழே, எல்லாருக்கும் பின்னால் தண்ணீர் போகிற பக்கமாக இறங்கி நின்றார். அவருக்கு யாரும் எள் தரவில்லை. அவரும் கேட்கவில்லை. மேலே வாத்தியார் கோத்திரமும் பெயரும் சொல்லச் சொல்ல, அண்ணாவும் பங்காளியும் எள்ளும் தண்ணீருமாக விட்டுக்கொண்டிருந்தார்கள். அது காவேரியில் விழுந்து, மிதந்து, கலைந்து, அவர் நின்ற இடத்துக்கு வந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றவரின் மார்பில் கறுப்பாக ஒட்டியது.

முகுந்தன் இரண்டு கையையும் குவித்து அந்தத் தண்ணீரை அள்ளினார். அதில் நாலைந்து எள் இருந்தது. கோத்திரம் சொல்லவில்லை. மந்திரம் சொல்லவில்லை. "வரதா" என்று மட்டும் சொல்லிக் கீழே விட்டார்.